மொழித் தொழில்நுட்பமும் முதுகலை ஆய்வேடும்

மொழித் தொழில்நுட்பத் துறையில் முதுகலைப் பட்டத்திற்கென ஆய்வேடு எழுதப் புகும் தமிழ் மாணவர் முதற்கண் தேடுவது ஒரு தலைப்பை. தலைப்பு அகப்பட்டதும் ஒரு கருவியைத் தேடுகிறார். கருவியும் கைக்கு வந்த பின்னர்தான், அதற்கு ஊட்டுவதற்குத் தமிழ் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார். இவ்வரிசை தலைகீழானது. தமிழ்க் கணிமை ஆய்வேடுகளிற் காணப்படும் குறைகளுட் பல இந்தத் தலைகீழ் வரிசையிலிருந்தே பிறக்கின்றன என்பது அவற்றைப் புரட்டிப் பார்ப்பவர்க்கு எளிதில் விளங்கும்.

அவ்வேடுகளின் உருவம் பெரும்பாலும் ஒன்றே. முதல் இயலில் தமிழின் தொன்மையும் அதைப் பேசுவோர் தொகையும் வரும். இரண்டாம் இயலில் பிறர் செய்தவற்றின் பட்டியல். யார் யார் என்ன செய்தனர் என்பது இருக்கும், அவர்கள் செய்ததில் எது நின்றது, எது வீழ்ந்தது என்பது இராது. மூன்றாம் இயலில் அயல்நாட்டார் வகுத்த முறையொன்றின் படமும் சூத்திரமும். நான்காம் இயலில் ஓர் அட்டவணை. அதன் கடைசி வரியில் தடித்த எழுத்தில் ஒரு விழுக்காடு. ஐந்தாம் இயலில் 'இனிச் செய்ய வேண்டுவன'. கணிப்பொறிக்கு ஊட்டிய தமிழ் எது, அதை எழுதியவர் யார், எந்த நாட்டில் எந்த ஆண்டில் எழுதப்பட்டது, சரிபார்த்தவர் யார் என்பவை மூன்றாம் இயலின் நடுவே ஒரு பத்தியில் ஒளிந்திருக்கும். சில ஏடுகளில் அந்தப் பத்திக்கும் இடமில்லை; 'இணையத்திலிருந்து திரட்டப்பட்டது' என்ற ஒரே வரி. சமையல் நூல் எழுதுபவர் அடுப்பின் சிறப்பைப் பத்துப் பக்கம் விரித்துவிட்டு, அரிசி கடையில் வாங்கியது என்று முடிப்பதைப் போன்றது அது.

இக்குறையை மாணவர் தலையில் மட்டும் ஏற்றுவது முறையாகாது. கணிப்பொறித் துறையில் வழிகாட்டுபவர்க்குத் தமிழ் தெரியாதிருக்கலாம். தமிழ்த் துறையில் வழிகாட்டுபவர்க்கு நிரல் எழுதும் கலை தெரியாதிருக்கலாம். முன்னவர் நிரலைப் பார்ப்பார். பின்னவர் முன்னுரையின் நடையைப் பார்ப்பார். இருவர்க்கும் இடையே, கணிப்பொறிக்குள் நுழைந்த தமிழை மேற்பார்க்க எவரும் இல்லை. அந்த இடைவெளியைத் தாமே நிரப்ப வேண்டும் என்று தொடக்கத்திலேயே உணரும் மாணவரின் ஏடுதான் பிழைக்கிறது.

திருவனந்தபுரத்துச் சொல்லடைவு

ஆய்வேட்டில் எது நிலைக்கும் என்பதை அறியப் பழைய எடுத்துக்காட்டொன்றை நோக்கலாம். கேரளப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக விளங்கிய வ. அய். சுப்பிரமணியம், புறநானூற்றின் சொல்லடைவை 1962இல் வெளியிட்டார். நூலில் வரும் ஒவ்வொரு சொல்லும் எந்தப் பாட்டில் எந்த அடியில் வருகிறது என்று காட்டும் நூல் அது. அவர் தம்முடைய டாக்டர் பட்டத்திற்கு அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக் கழகத்தில் 1957இல் எடுத்துக்கொண்ட பொருளும் 'தமிழ் மொழி' என்ற கடலன்று. தமிழின் ஒரு வட்டார வழக்கு. திருவனந்தபுரத்தில் அவருடைய வழிகாட்டலில் மாணவர் பலர் ஆளுக்கொரு பழந்தமிழ் நூலை எடுத்துக்கொண்டு, அதற்குச் சொல்லடைவும் இலக்கண விளக்கமும் எழுதிப் பட்டம் பெற்றனர். ஒருவருக்கு ஒரு நூல். அந்நூலின் ஒரு சொல்லும் விடுபடல் ஆகாது.

இம்முறையைப் பழித்தோர் உண்டு. இயந்திர வேலை என்றும், கற்பனைக்கு இடமில்லாதது என்றும் கூறினர். அப்பழிப்பில் உண்மையும் ஓரளவு உண்டு. சொல்லை எண்ணுவதே ஆராய்ச்சியின் முடிவு என்று எண்ணிவிட்ட மாணவர்க்கு அது சிறையாகவும் ஆகியிருக்கும். ஆயினும் பயனை எண்ணிப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் எழுந்த 'சங்க இலக்கியத்தின் மாண்பு' வகைக் கட்டுரைகளை இன்று தேடிப் படிப்பார் அரியர். சொல்லடைவுகளையோ இன்றும் எடுத்துப் பார்க்கின்றனர். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967க்கும் 1970க்கும் இடையே மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் நூற் சொல்லடைவுக்கும் இதுவே பொருந்தும். எல்லை சிறியது; எல்லைக்குள் முழுமை; பிறர் சரிபார்க்கத்தக்கது. மொழித் தொழில்நுட்ப ஆய்வேட்டிற்கு இதைவிட நல்ல முன்மாதிரி தமிழில் தேடினும் கிடைப்பதரிது. சொல்லடைவு என்பதே ஒரு வகையில் கணிப்பொறிக்கு முந்திய கணிமைதான்.

மிண்டனில் நடந்தது

திருவனந்தபுரத்திலிருந்து பினாங்குக்கு வந்தாலும் இதே செய்தி வேறோர் உருவிற் கிடைக்கிறது. 1969இல் பினாங்குப் பல்கலைக் கழகமாகத் தோன்றிப் பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக் கழகம் எனப் பெயர் பெற்ற நிலையம், குளுகோரில் மிண்டன் குன்றின் மேல் அமைந்துள்ளது. 1980களில் அங்கே கணிப்பொறி வழி மொழிபெயர்ப்புக்கென ஓர் அணி உழைத்தது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெர்னார் வொக்குவா என்னும் அறிஞர் உருவாக்கிய குழுவோடு கூட்டுறவு கொண்டு, ஆங்கிலத்திலிருந்து மலாய்க்குப் பெயர்க்கும் முறையை அவ்வணியினர் ஆராய்ந்தனர். மலாய் பயிற்றுமொழியாகிவிட்டது, அறிவியல் நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. தேவையிலிருந்து பிறந்த ஆராய்ச்சி அது.

அன்று அவர்கள் கையாண்ட பெருங்கணிப்பொறியும், 'அரியான்' என்ற கிரெனோபிள் மென்பொருளும் காலத்தால் ஒதுங்கிவிட்டன. அவற்றைக் கொண்டு இன்று யாரும் மொழிபெயர்ப்பதில்லை. ஆனால் அக்கூட்டுறவிற் பிறந்த கருத்துகள் இரண்டு ஒதுங்கவில்லை. மொழித் தொழில்நுட்பத்தில் ஆய்வேடு எழுதுவோர் அவ்விரண்டையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

ஒன்று, வொக்குவாவும் அவருடைய குழுவினரும் 1985இல் விளக்கிய 'நிலை இலக்கணம்'. ஒரு வாக்கியத்திற்கு எந்த விடை வர வேண்டும் என்பதை முதலில் தனியே எழுதிவிட வேண்டும். அவ்விடையைக் கணிப்பொறி எவ்வழியில் அடையும் என்பது பிறகு பேச வேண்டிய பொருள். இதைக் கேட்டவுடன் 'இது தெரிந்ததுதானே' என்று தோன்றும். எனினும் நடைமுறையில் மாணவர் செய்வது யாது? நிரலை ஓட்டுகிறார், வந்த விடையைப் பார்க்கிறார், 'இதுவும் சரிதான்' என்று ஒத்துக்கொள்கிறார். விடைத்தாளைத் தேர்வுக்குப் பின்னர் எழுதும் ஆசிரியரை எந்தப் பள்ளியும் வைத்துக்கொள்ளாது.

மற்றொன்று, கிரெனோபிளின் கிறிஸ்தியான் புவாத்தேயும் பினாங்கின் சஹாரின் யூசோப்பும் 1988இல் புதாபெஸ்து மாநாட்டில் முன்வைத்த 'சரம்–மரம் இணைவு'. வாக்கியம் என்பது சொற்களின் நேர்க்கோடு. அதன் இலக்கண அமைப்போ கிளைவிட்ட மரம். மரத்தின் ஒவ்வொரு கிளையும் கோட்டின் எந்தப் பகுதிக்கு உரியது என்பதைத் தனியே குறித்துவைக்க வேண்டும் என்பதும், அப்பகுதி ஒரே துண்டாக இராமல் இரண்டு மூன்று துண்டாகச் சிதறியும் இருக்கலாம் என்பதும் அக்கருத்து. ஆங்கிலத்தில் வினையும் அதனோடு சேர வேண்டிய சிறுசொல்லும் பிரிந்து நிற்க, இடையே செயப்படுபொருள் புகுந்துகொள்வதை நினைத்துக்கொள்ளலாம்.

தமிழுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது! 'எழுதிக்கொண்டிருந்தாள்' என்பது ஒரே வினை. 'எழுதிக்கொண்டேதான் இருந்தாள்' என்றால், அவ்வினையின் வயிற்றுக்குள் ஏகாரமும் 'தான்' என்பதும் புகுந்து அதை இரண்டாகப் பிளந்துவிடுகின்றன. 'வரவில்லை' என்பது ஒரு சொல்லாக நிற்கும்; 'வரவும் இல்லை' என்பது இரண்டாகிவிடும். இடைவெளி விட்ட இடமெல்லாம் சொல்லின் எல்லை என்று கொள்ளும் கருவி இங்கே தடுமாறும். அயல்நாட்டுக் கருவியைத் தமிழ்மீது அப்படியே ஏற்றிவிட்டு, அது தடுமாறிய இடங்களை 'ஏனைய பிழைகள்' என்று ஒரு வரியில் மூடிவிடும் ஏடுகள் பல. பினாங்கிலே பிறந்த இக்கருத்தைக் கொண்டு, தமிழின் பிளவுபட்ட வினைகளுக்கு மட்டும் முந்நூறு வாக்கியங்களை எடுத்து, ஒவ்வொன்றிற்கும் கையால் மரம் வரைந்து இணைவு குறித்தால், அஃதொன்றே ஒரு முதுகலைப் பட்டத்திற்குப் போதிய உழைப்பாகும். தலைப்பு பெரிதாக ஒலிக்காது. ஆனால் அடுத்து வருபவர் அதன்மேல் நின்று வேலை செய்யலாம்.

பத்துச் சொல்லின் வெற்றி

இனி அந்த விழுக்காட்டுக்கு வருவோம்.

தமிழ் வாக்கியங்களுக்கு இலக்கண மரம் வரைந்த திரட்டுகளுள் ஆய்வாளர் பலரும் எடுத்தாள்வது, செக் நாட்டின் பிராக் நகரிலுள்ள சார்லசுப் பல்கலைக் கழகத்தில் 2012ஆம் ஆண்டளவில் உருவான திரட்டு. நாளிதழ்ச் செய்திகளிலிருந்து எடுத்த 600 வாக்கியங்கள் அதில் உள்ளன. உலகப் பொது வடிவில் வழங்கும் அதன் பதிப்பில் 400 வாக்கியங்கள் பயிற்சிக்கும், 80 சீர்ப்படுத்தவும், 120 சோதனைக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. சோதனைப் பகுதியில் ஏறத்தாழ 2,000 சொற்களே உள்ளன. ஆகவே 'முந்திய முறையைவிட நூற்றுக்கு அரைப் பங்கு மேம்பட்டது' என்று ஓர் ஏடு முழங்கினால், அதன் பொருள் பத்துச் சொற்களை அது கூடுதலாகச் சரியாகக் கண்டது என்பதே. பத்துச் சொற்கள்! அவை எவை என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. வேற்றுமையுருபு ஏற்ற பெயர்களா? பெயரெச்சத் தொடர்களா? ஒரே நீண்ட வாக்கியம் தற்செயலாகச் சரியாக அமைந்ததால் வந்த பத்தா? சொல்லவில்லை. பத்துச் சொற்களையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டுவிடலாம். அட்டவணை பிடித்த இடத்தைவிட அது குறைவு.

திரட்டைச் செய்தவர்கள்மீது பழியில்லை. அளவு இவ்வளவு, மூலம் இது என்று அவர்கள் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் சேர்ந்த மற்றொரு திரட்டு, தாமசு இலேமன் என்னும் செருமானிய அறிஞர் 1989இல் வெளியிட்ட தற்காலத் தமிழ் இலக்கண நூலின் எடுத்துக்காட்டுகளைப் பெரிதும் அடிப்படையாகக் கொண்டது. அதில் 534 வாக்கியங்களும் ஏறத்தாழ 2,600 சொற்களும் உள்ளன. வாக்கியத்திற்குச் சராசரி ஐந்து சொற்கூட இல்லை. இலக்கண நூலின் எடுத்துக்காட்டு, விளக்கத்திற்கென்று சீவிச் சிங்காரித்து நிறுத்தப்பட்ட வாக்கியம். அதிலே தேறிய கருவி நாளிதழின் தலையங்கத்தில் தேறும் என்று எதிர்பார்க்க முடியாது. இரு திரட்டுகளையும் ஒன்றாய்க் கலந்து ஒரே விழுக்காட்டைச் சொல்லும் ஏடு, இரும்பையும் பஞ்சையும் சேர்த்து நிறுத்த கதை.

மொழிபெயர்ப்புத் துறையிலும் இதே நிலை. அதே பிராக் நகரத்தார் திரட்டிய ஆங்கில–தமிழ் இணை வாக்கியங்கள் ஏறத்தாழ 170,000. அவற்றுள் செய்திகள் 112,000க்கு மேல். திரைப்படச் செய்திகள் 30,000. விவிலியம் 26,000க்கு மேல். இதைக் கொண்டு பயிற்றிய கருவிக்கு விவிலியத் தமிழும் திரைப்படத் தமிழும் தெரியும். மருத்துவமனையில் கொடுக்கும் துண்டுத்தாள் தெரியாது. தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சை ஆராய 2020இல் வெளிவந்த, பரவலாக எடுத்தாளப்படும் 15,744 கருத்துரைகளின் திரட்டும் திரைப்பட முன்னோட்டங்களின் கீழ் எழுதப்பட்டவற்றிலிருந்து வந்ததே. மீண்டும் திரைப்படம்! தமிழர் வாழ்வில் திரைப்படத்திற்கு உள்ள இடம் அனைவரும் அறிந்தது. ஆயினும் தமிழர் பேச்சு முழுவதும் திரையரங்கில் நடப்பதன்று. 'தமிழில் உணர்ச்சி அறிதல்' என்று தலைப்பிட்ட ஏடு, உண்மையில் 'திரைப்பட முன்னோட்டம் பார்த்தோரின் உணர்ச்சி அறிதல்' என்றே பெயர் பெற்றிருக்க வேண்டும். அவ்வாறு பெயரிட்டிருப்பின் அதன் மதிப்பு உயர்ந்திருக்குமே அன்றித் தாழ்ந்திராது.

அளவுகோலைப் பற்றியும் ஒரு சொல். மொழிபெயர்ப்பின் தரத்தை எண்ணால் சொல்ல 2002இல் ஐபிஎம் ஆய்வாளர் வகுத்த 'புளூ' என்னும் முறை, கருவி தந்த சொற்றொடர் மனிதர் தந்த சொற்றொடரோடு எத்துணை ஒத்துவருகிறது என்று எண்ணுவது. மனிதர் 'வீட்டிலிருந்து' என்று சேர்த்தெழுதியிருக்க, கருவி 'வீட்டில் இருந்து' என்று பிரித்தெழுதினால் மதிப்பெண் போய்விடும். பொருளில் ஒரு மயிரிழை வேறுபாடும் இல்லை. எழுத்தளவில் ஒப்பிடும் 'சிஎச்ஆர்எப்' என்னும் முறை 2015இல் வந்தது. ஒட்டுநிலை மொழியான தமிழுக்கு அது ஓரளவு நேர்மையானது. இரண்டையும் கொடுத்து, இடைவெளியால் மட்டும் இழந்த மதிப்பெண் எவ்வளவு என்று காட்டும் ஏடு ஒன்றைப் படிப்பதில் பயனுண்டு. புளூ ஒன்றையே கொடுத்துவிட்டுத் தமிழ் கடினமான மொழி என்று முடிப்பதிற் பயனில்லை.

பிழைதிருத்தி என்னும் பொருள்

மாணவர் பலர் விரும்பியெடுக்கும் பொருள் எழுத்துப் பிழைதிருத்தி. இதைச் சற்று விரிவாக நோக்கலாம். மேலே சொன்ன தலைகீழ் வரிசை இங்கேதான் மிகத் தெளிவாய்த் தெரிகிறது.

பிழைதிருத்தியைச் சோதிக்கப் பிழைகள் வேண்டும். பிழைகளுக்கு எங்கே போவது? வழக்கமாகச் செய்வது இது: சரியான தமிழை எடுத்து, நிரலைக் கொண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்தை மாற்றிவிடுதல். அதன்பின் தம் கருவி அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் கண்டுபிடித்துவிட்டது என்று எழுதுதல். தாமே ஒளித்து வைத்த பொருளைத் தாமே கண்டெடுத்த பெருமை இது. 'புத்தகம்' என்பதைப் 'புத்ஙகம்' என்று எந்தப் பிள்ளையும் எழுதியதில்லை. பிள்ளைகள் எழுதும் பிழை காதிலிருந்து வருகிறது. பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டன. ழகரம் ளகரமாகவோ லகரமாகவோ ஒலிக்கிறது. ணகரமும் னகரமும் வேறுபாடின்றி வருகின்றன. அதனால் 'மழை பெய்தது' என்பது 'மலை பெய்தது' ஆகிறது. 'பள்ளிக்குப் போனான்' என்பது 'பல்லிக்குப் போனான்' ஆகிறது. இவற்றின் சிக்கல் யாதெனில், மலையும் அகராதியில் உண்டு, பல்லியும் அகராதியில் உண்டு. அகராதியைத் தேடும் கருவி இரண்டையும் வாழ்த்தி அனுப்பிவிடும். அறை–அரை, கறி–கரி, வலி–வழி–வளி என இந்தப் பட்டியல் நீளும். 'புத்ஙகம்' என்பதைப் பிடிக்கும் கருவி, பிடிக்க வேண்டாத கள்வனைப் பிடிக்கிறது.

ஒற்று மிகுதலும் அவ்வாறே. 'அந்தப் பையன்' என்பதற்கு 'அந்த பையன்' என்று எழுதும் பிள்ளை காதால் எழுதவில்லை. விதி தெரியாமல் எழுதுகிறது. இந்தப் பிழை பெரியோர் எழுத்திலும், செய்தித்தாளிலும், பிழைதிருத்தியைப் பயிற்றுவிக்க எடுத்த 'சரியான' தமிழிலுமே மலிந்து கிடக்கிறது. பயிற்றும் பாடத்திலேயே பிழை இருக்கும்போது கருவி எதைக் கற்கும் என்ற கேள்வி அவ்வேடுகளில் எழுப்பப்படுவதில்லை.

கையெழுத்துப் பிழை வேறு, தட்டச்சுப் பிழை வேறு என்பதையும் காண்க. முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளால் மலேசியாவில் பரவிய ஒலிபெயர்ப்பு முறை விசைப்பலகையில், ஆங்கிலச் சிறிய எழுத்தை அழுத்தினால் லகரமும், அதே விசையைப் பெரிய எழுத்தாக அழுத்தினால் ளகரமும் வரும்; ரகர றகரங்களும் அப்படியே. விரல் ஒரு கணம் சோர்ந்தால் ளகரம் லகரமாகிவிடும். சென்னையில் 1999இல் தரப்படுத்திய தமிழ்99 பலகையிலோ ஒவ்வொரு எழுத்துக்கும் தனி விசை. அங்கே பிழை வருவது பக்கத்து விசையால். ஆகவே 'வெல்லம்', 'வெள்ளம்' இரண்டும் மாறி வந்தால், எழுதியவர் எந்தப் பலகையில் எழுதினார் என்பது தெரியாமல் அது அறியாமையா, விரல் சோர்வா என்று கூற இயலாது. பிழைதிருத்தி பற்றிய ஏட்டில் விசைப்பலகையைப் பற்றி ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. நான்கைந்து பள்ளிகளிலிருந்து முந்நூறு கட்டுரைகளை எடுத்தால், கட்டுரைக்குத் தொண்ணூறு சொல் என்று கொண்டாலும், 27,000 சொற்கள் ஆகும். ஒருவர் ஈராண்டில் படித்துக் குறிக்கத்தக்க அளவு இது. அப்பிள்ளைகளின் எழுத்தில் தமிழ்நாட்டுத் திரட்டுகளில் காணாத சொற்களும் வரும். 'பசார் மாலாமுக்குப் போனோம்' என்று ஒரு பிள்ளை எழுதினால், அது பிழையா? இராச்சந்தை என்று திருத்துவதா? வழக்குச் சொல் என்று விட்டுவிடுவதா? தோட்டத்துப் பாட்டி 'கித்தா மரம்' என்றதைப் பிள்ளை அப்படியே எழுதினால் 'ரப்பர்' என்று மாற்ற வேண்டுமா? தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன; லயத்தில் வழங்கிய தமிழ் அடுத்த தலைமுறையின் வாயில் எவ்வளவு நிற்கும் என்பது ஐயமே. இச்சொற்களை யாரேனும் எழுதிச் சேர்த்தால் ஒழிய, நாளைக்கு வரும் எந்தக் கருவியும் அவற்றைப் பிழையென்றே சிவப்புக் கோடிடும். சென்னை நாளிதழைக் கொண்டு பயிற்றிய கருவிக்கு மலேசியத் தமிழ்ப் பிள்ளையின் எழுத்து முழுவதும் சிவப்பாகத்தான் தெரியும்.

இவ்வாறு திட்டமிட்டால், வேலையின் வரிசை தானே மாறிவிடுகிறது. முதலில் இசைவு. பள்ளிகளில் ஆய்வு செய்யக் கல்வி அமைச்சின் ஒப்புதலும், மனிதரைச் சார்ந்த ஆய்வுக்குப் பல்கலைக் கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பெற்றோரின் கையொப்பமும் வேண்டும். இவற்றுக்கு மாதங்கள் செல்லும். இதனைக் கணக்கிற் கொள்ளாத திட்டம் முதல் ஆண்டிலேயே முறிந்துவிடும். பிள்ளைகளின் பெயரும் பள்ளியின் பெயரும் தாளிலிருந்து நீக்கப்பட வேண்டும். அடுத்து, எது பிழை, எது வழக்கு என்று குறிக்கும் விதிகளை எழுதுதல். விதிகளை எழுதிய பின் இருவர் தனித்தனியே ஒரே ஐம்பது கட்டுரைகளைக் குறிக்க வேண்டும். இருவரும் எங்கே மாறுபடுகின்றனர் என்று பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு நுணுக்கம் உண்டு. சொற்களில் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகவே இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இருவர் தாளைப் பாராமலே, தொண்ணூறுக்குச் 'சரி' என்றும் பத்துக்குப் 'பிழை' என்றும் மனம்போல் போட்டுவந்தாலும், நூற்றுக்கு 82 இடங்களில் தற்செயலாகவே ஒத்துப்போவார்கள். ஆகவே 'இருவரும் நூற்றுக்கு 85 ஒத்துப்போயினர்' என்பது வெற்றியே அன்று. தற்செயலைக் கழித்துவிட்டு ஒற்றுமையை அளக்கும் வழியை ஜேக்கப் கோகன் 1960இலேயே காட்டிவிட்டார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதைக் கணக்கிடாத ஏடுகள் வருவது வியப்பே.

கருவி இவற்றுக்குப் பிறகுதான். எளிய கருவி ஒன்று போதும். ஒன்றுக்கு இரண்டாக வைத்து ஒப்பிட்டால் இன்னும் நன்று. நான்காம் இயலில் விழுக்காடு அரைப்பக்கம் பிடித்தாற் போதும். மீதி முப்பது பக்கமும் கருவி தவறிய இடங்களுக்கே உரியவை. எந்தப் பிழையை எத்தனை முறை விட்டது, சரியான சொல்லை எத்தனை முறை பிழையென்றது, 'மலை பெய்தது' என்பதை ஏன் விட்டது என்று ஒவ்வொன்றாக எழுதப்பட வேண்டும். ஆய்வேட்டைப் படிப்பவர் தேடிப் போவது அந்தப் பக்கங்களையே.

பெரும் மாதிரிகளின் காலத்தில்

இதற்கு ஒரு மறுப்பு எழும். இன்று பெருமொழி மாதிரிகள் வந்துவிட்டன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த குழுவினர் ஆங்கிலத்திற்கும் 11 இந்திய மொழிகளுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து கோடி வாக்கிய இணைகளைத் திரட்டியிருக்கின்றனர். இந்நிலையில் முந்நூறு கட்டுரை எம்மாத்திரம் என்பர். மறுப்பில் வலு உண்டு. பயிற்றுவிப்பதற்கு முந்நூறு கட்டுரை ஒன்றுமே இல்லைதான். சோதிப்பதற்கோ அது பெருஞ்செல்வம். இணையத்தில் ஏற்கெனவே கிடக்கும் வாக்கியங்களைக் கொண்டு ஒரு பெருமாதிரியைச் சோதித்தால், அது அவற்றைப் பயிற்சியின்போதே படித்திருக்கக் கூடும். வினாத்தாளை முன்பே பார்த்த மாணவனுக்கு வைக்கும் தேர்வு அது. நோட்டுப் புத்தகத்திலிருந்து முதன்முதலாக எடுத்தெழுதிய எழுத்தில் அந்த ஐயம் இல்லை. மாதிரி எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவுக்கு, அது காணாத, நன்கு சரிபார்த்த சிறு திரட்டின் விலை ஏறுகிறது.

பெருமாதிரியையே ஆராய விரும்புவோர்க்கும் சிறு பொருள்கள் உண்டு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் ஒருங்குறியின் பரவலான வழக்கில் மூன்று எண்மக் கூறுகளைக் கொள்கிறது. 'கொ' என்பது நமக்கு ஓரெழுத்து, கணிப்பொறிக்கு இரண்டு குறியீடு, ஆறு கூறு. ஒரு மாதிரி தமிழ்ச் சொல்லை எங்கெங்கே துண்டாக்குகிறது, அத்துண்டு பகுதி விகுதியோடு ஒத்துவருகிறதா, மெய்யையும் உயிரையும் நடுவே வெட்டிவிடுகிறதா என்று ஆயிரம் சொற்களுக்குப் பார்த்து எழுதுவதும் நல்ல ஏடாகும். நன்னூல் படித்த மாணவர்க்கு அங்கே கணிப்பொறி மாணவரைவிட ஒரு படி முந்தல் உண்டு.

ஏட்டை எழுதும் மொழியைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். மலேசியப் பல்கலைக் கழகங்களின் கணிப்பொறித் துறைகளில் ஆய்வேடு மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதப்படுவது வழக்கம். தேர்வாளர்க்குத் தமிழ் தெரியாதிருத்தலும் கூடும். இதனால் மாணவர் தமிழ் எடுத்துக்காட்டுகளைக் குறைத்துவிடுகின்றனர். சிலர் மொழிபெயர்ப்பை மட்டும் தந்து தமிழை விட்டே விடுகின்றனர். தமிழைப் பற்றிய ஏட்டில் தமிழ் இல்லை! மொழியியலார் நெடுங்காலமாகக் கையாளும் முறை இருக்கிறது: முதல் வரியில் தமிழெழுத்து, இரண்டாம் வரியில் ஒலிபெயர்ப்பு, மூன்றாம் வரியில் உறுப்பு உறுப்பாகப் பொருள், நான்காம் வரியில் மொழிபெயர்ப்பு. இம்முறையில் ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் எழுதப் புகுந்தால் நேரம் பிடிக்கும். ஆனால் எழுதும்போதே மாணவர் தம் வாக்கியத்தை உறுப்பாகப் பிரித்தாக வேண்டியிருக்கும். 'வரவும் இல்லை' என்பதை ஒரே வினையாகக் குறிப்பதா, இரண்டாகக் குறிப்பதா, இடையிலுள்ள உம்மையை எங்கே வைப்பது என்பனவற்றை அப்போது முடிவு செய்தே ஆக வேண்டும். அம்முடிவையும், வேறு வகையாக முடிவு செய்திருந்தால் எந்த எண்கள் மாறியிருக்கும் என்பதையும், குறிக்கும் விதிகளோடு சேர்த்துப் பிற்சேர்க்கையில் அச்சிட்டுவிடுவது நலம்.